ஒற்றையாய் வென்றவர்கள்: அந்த இடைவெளி யாருடைய கணக்கில் சேரும்?

நந்திச்சாரல், எலகங்கா

நம் பெங்களூரு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாட்களாக நடந்துவரும் வாக்குவாதம் கேலிப் படங்களில் மூழ்கிவிட்டதால், அதை ஒழுங்காக எழுதி வாதிட இந்த இழையைத் தொடங்குகிறேன். கேள்வி இதுதான்: 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகான சாலைச் சைக்கிள் பந்தயங்களில், மற்றவர்கள் எல்லோரும் ஒரு தரம், வென்றவர் மட்டும் வேறு தரம் என்று எதிரிகளையே ஒத்துக்கொள்ள வைத்த வெற்றி எது?

2024 செப்டம்பர் 29 அன்று சூரிக்கில் ஸ்லோவேனியாவின் டாடேய் போகாச்சார் பெற்ற உலகப் பட்டம் என்பதே என் விடை. ஏறக்குறைய 274 கி.மீ. பந்தயத்தில் இன்னும் 100 கி.மீ. மீதமிருந்தபோது, பட்டம் வெல்லக்கூடியவர்கள் ஒருவரையொருவர் கண்காணித்தபடி சும்மா உருட்டிக்கொண்டிருக்கும் அந்த வேளையில், அவர் பெலட்டானை, அதாவது பெருங்கூட்டமாக ஓட்டும் முக்கியக் குழுவை, விட்டுக் கிளம்பினார். முன்னே போயிருந்த குழுவிலிருந்து சக ஸ்லோவேனியரான யான் ட்ராட்னிக் பின்வாங்கி வந்து சிறிது நேரம் முன்னால் ஓட்டிக் காற்றை மறைத்து இழுத்துக் கொடுத்தார், அதன்பின் பிரான்சின் பாவெல் சிவகோவ் மட்டும் உடன் வந்தார், 51 கி.மீ. இருக்கும்போது அவரும் கழன்றுகொண்டார். பின்னால் மாத்யூ வான் டெர் பூல், ரெம்கோ எவனெபூல் உள்ளிட்ட பெருந்தலைகள் துரத்தியும் பிடி கிடைக்கவில்லை. இரண்டாவதாக வந்த பென் ஓ'கானர் 34 விநாடி பின்தங்கினார். போகாச்சார் தன் வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறார் என்றுதான் முதலில் நினைத்ததாக எவனெபூலும் வான் டெர் பூலும் பந்தயத்துக்குப் பிறகு சொன்னார்கள்.

34 விநாடி என்ன பெரிய இடைவெளி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதே ஆண்டு அவர் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவை 9 நிமிடம் 56 விநாடி இடைவெளியிலும், டூர் டி பிரான்சை 6 நிமிடம் 17 விநாடியிலும், ஒருநாள் பந்தயமான லொம்பார்தியாவை 3 நிமிடம் 16 விநாடியிலும் வென்றார். ஜிரோவில் அவருக்கு ஈடான எதிரி வரவேயில்லை. சூரிக்கிலோ எல்லோரும் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் அவர்தான் குறி என்று தெரிந்திருந்தது, துரத்த ஏறக்குறைய இரண்டரை மணி நேர அவகாசமும் இருந்தது. ஜிரோ, டூர், உலகப் பட்டம் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற ஆண்கள் 1974-இல் எடி மெர்க்ஸ், 1987-இல் ஸ்டீபன் ரோச், அடுத்து இவர்தான்.

எதிர்க்காற்று, தேவனஹள்ளி

நண்பர் நந்திச்சாரல் அவர்களின் விவரங்களில் எனக்குக் குறை இல்லை. அவற்றிலிருந்து அவர் வந்து சேரும் முடிவில்தான் குறை. பின்னால் இருந்தவர்கள் துரத்தினார்கள் என்று எழுதுகிறீர்கள். துரத்தினார்களா, அல்லது யார் துரத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்களா?

சமதரையில் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகும் ஓட்டுநரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆகவே சம வலிமையுள்ள ஐந்து பேர் முறைவைத்து இழுத்தால் தனியாளை எட்டிப் பிடிக்காமல் இருக்கவே முடியாது. ஆனால் முறைவைத்து இழுப்பவர்கள் யார்? நம் பெல்லாரி சாலையில் சனிக்கிழமை விடியலில் எதிர்க்காற்று அடிக்கும்போது, விமான நிலையத் திருப்பம் தாண்டியதும் நம் குழுவில் 'அடுத்தவர் முன்னால் வந்து இழுக்கட்டும்' என்று எத்தனை முழங்கைகள் ஆடுகின்றன, எத்தனை பேர் அந்தச் சைகையைப் பார்த்தும் பாராததுபோலத் தண்ணீர் குடிக்கத் தொடங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பரிசாகத் தட்டு இட்லி மட்டுமே காத்திருக்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால், உலகப் பட்டத்தின் வானவில் சட்டை காத்திருக்கும் இடத்தில் கேட்கவா வேண்டும்?

மிகத் தெளிவான சான்று, 2018 மே 25 அன்று கிறிஸ் ஃப்ரூம் ஜிரோவின் 19-ஆவது கட்டத்தில், அதாவது 19-ஆவது நாள் ஓட்டத்தில், செய்தது. மொத்த நேரக் கணக்கில் 3 நிமிடம் 22 விநாடி பின்தங்கியிருந்தவர், ஃபினெஸ்ட்ரே கணவாயின் சரளைச் சாலையில், இலக்குக்கு 80 கி.மீ. முன்பே கிளம்பி, 3 நிமிட இடைவெளியில் வென்று முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைப் பிடித்தார். எல்லோரும் அதைக் காவியம் என்கிறார்கள். நான் அந்த இறக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது இடத்திலிருந்த டாம் டுமுலான், துரத்துவதற்குத் துணை வேண்டுமென்று, இறக்கங்களில் மெதுவாகவே வரும் செபாஸ்டியன் ரைஷன்பாக்கிற்காகக் காத்திருந்தார். பின்னால் ஒருவர் வளைவுகளில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கிக்கொண்டிருக்க, முன்னால் ஃப்ரூம் சைக்கிளின் மேற்குழாய்மீது குந்தியபடி விழுந்துகொண்டிருந்தார். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு பங்கு டுமுலானின் தயவு. இறுதியில் ஃப்ரூம் ஜிரோவை வென்றது 46 விநாடியில்தான்.

ஆகவே யாருடைய தயக்கமும் கலக்காத வெற்றியைத்தான் நான் ஆதிக்கம் என்பேன். 2023 ஜூலை 18, டூரின் 16-ஆவது கட்டம், பாஸியிலிருந்து கொம்ப்ளூ வரை 22.4 கி.மீ. தனிநேரப் போட்டி; ஒவ்வொருவரும் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு மோதுவது. அன்று காலை மொத்த நேரக் கணக்கில் யோனாஸ் விங்கேகாருக்கும் போகாச்சாருக்கும் இடையே இருந்தது 10 விநாடி. விங்கேகார் 32 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். போகாச்சார் 1 நிமிடம் 38 விநாடி பின்தங்கினார். மூன்றாமவரான வௌட் வான் ஆர்ட் 2 நிமிடம் 51 விநாடி பின்னால். அதாவது உலகின் இரண்டாவது சிறந்த ஓட்டுநர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான்கு விநாடிக்கு மேல் இழந்துகொண்டே போனார். அங்கே ஒட்டிக்கொள்ள எவருடைய சக்கரமும் இல்லை, குறை சொல்ல எவருடைய சோம்பலும் இல்லை.

பழைய டைனமோ, ஜெயநகர்

இருவரும் அழகாக எழுதுகிறீர்கள். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2006 டூரில் ஃப்ளாய்ட் லாண்டிஸ் ஒரு நாள் சுருண்டு விழுந்து, எட்டு நிமிடம் பின்தங்கி, மறுநாள் மோர்சீன் கட்டத்தில் மலைமலையாகத் தனியே ஏறி, கிட்டத்தட்ட ஆறு நிமிட இடைவெளியில் வென்றபோது, சைக்கிள் பந்தய வரலாற்றின் தலைசிறந்த நாள் என்று அன்றே எழுதியவர்கள் பலர். சில நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் ஊக்கமருந்துப் பரிசோதனையில் அவர் சிக்கிய முடிவு வந்தது. பட்டம் ஆஸ்கார் பெரெய்ரோவுக்குப் போனது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. பட்டியல் போடுமுன் மை காய்வதற்குச் சில ஆண்டுகள் கொடுங்கள்.

நந்திச்சாரல், எலகங்கா

டைனமோ ஐயாவுக்குப் பிறகு வருகிறேன். எதிர்க்காற்று அவர்களுக்கு முதலில்.

பின்னால் இருப்பவர்களின் தயக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதை உருவாக்குபவரே முன்னால் போகிறவர்தான். 100 கி.மீ.யில் கிளம்புவதன் பொருளே அதுதான். ஒவ்வோர் அணியும் இது நிலைக்காது, நம் ஆட்களை இப்போதே எரிக்க வேண்டாம் என்று கணக்குப் போடும் இடத்தில் அடிப்பது, அந்தக் கணக்கு தப்பென்று தெரிவதற்குள் துரத்துவதற்கு ஆளில்லாமல் செய்வது, இவை வலிமையின் பகுதி இல்லையா? வலிமையை மட்டும் அளந்தால் போதுமென்றால், எல்லோரையும் ஓர் ஆய்வுக்கூடத்தில் நிலைச் சைக்கிள்களில் ஏற்றி, வாட் கணக்கைப் பார்த்துப் பதக்கம் கொடுத்துவிடலாமே.

ஃப்ரூம் விஷயத்திலும் நீங்கள் பாதியைத்தான் சொன்னீர்கள். அன்று ஃப்ரூமின் ஸ்கை அணி தன் பணியாளர்களை ஏற்றம் நெடுகிலும் நிறுத்தி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை குடுவையும் உணவும் கையில் கிடைக்கும்படி செய்தது. அதனால் அவர் எடையைச் சுமக்கவும் இல்லை, பசியில் விழவும் இல்லை. டுமுலான் காத்திருந்தார் என்பது உண்மை. காத்திருக்கும் நிலைக்கு அவரைத் தள்ளியது யார்?

தாமரைக்குளம், அல்சூர்

மூன்று பேரும் எழுதியாயிற்று, ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை. கேள்வியிலோ ஆண்கள் பந்தயம் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

2019 செப்டம்பர் 28, யார்க்‌ஷயர் உலகப் பட்டப் பந்தயம், பிராட்ஃபர்டிலிருந்து ஹாரகேட் வரை ஏறக்குறைய 150 கி.மீ. லாஃப்ட்ஹவுஸ் ஏற்றத்தில் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் வேகத்தைக் கூட்டியபோது இலக்குக்கு இன்னும் 100 கி.மீ.க்கு மேல் இருந்தது. அதாவது பந்தயத்தின் மூன்றில் இரண்டு பங்கை அவர் தனியாக ஓட்டினார். சூரிக்கில் போகாச்சார் தனித்து ஓட்டியது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. யார்க்‌ஷயரில் வான் ஃப்ளூட்டனுக்கு 36 வயது. மூன்றாண்டுகளுக்கு முன், ரியோ ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் முன்னணியில் இறங்கிக்கொண்டிருந்தவர் வளைவொன்றில் விழுந்து முதுகெலும்பில் முறிவு கண்டவர். ஹாரகேட்டில் அவர் வென்ற இடைவெளி 2 நிமிடம் 15 விநாடி.

பின்னால் வந்த சிறு குழுவில் அவருடைய சக நெதர்லாந்து வீராங்கனை அன்னா வான் டெர் பிரெகன் இருந்தார் என்றும், முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியனான அவர் துரத்தலுக்கு உதவாமல் ஒட்டிக்கொண்டே வந்தார் என்றும் எதிர்க்காற்று அவர்கள் இப்போதே எழுதத் தொடங்கியிருப்பார். உண்மைதான். ஆனால் அதே குழுவில் குளோயி டைகர்ட்டும் இருந்தார். சில நாட்களுக்கு முன் அதே ஊரில் தனிநேரப் பட்டத்தை, வான் டெர் பிரெகனை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பின்தள்ளி வென்றவர் அவர். அவர் தனியே கிளம்பித் துரத்தியும் பிடிக்க முடியாமல் சோர்ந்து நான்காவதாகத்தான் வந்தார். தயக்கமே இல்லாமல் துரத்திய ஒருவர் தோற்ற பந்தயம் அது. உங்கள் நிபந்தனைப்படியே பார்த்தாலும் அது தேறும்.

2022-இல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸ் ஃபாமையும் (பெண்களுக்கான டூர்) சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்க நாட்களில் வயிற்றுக் கோளாறால் உணவே தங்காமல் தத்தளித்த வான் ஃப்ளூட்டன், ஏழாவது கட்டத்தில் முதல் மலையிலேயே தாக்கினார். டெமி வோலரிங் மட்டும் கொஞ்ச தூரம் தொடர்ந்தார், அடுத்த மலையில் அவரும் உதிர்ந்தார். லெ மார்க்ஸ்டைனில் இடைவெளி 3 நிமிடம் 26 விநாடி. மறுநாளும் வென்றார்.

எதிர்க்காற்று, தேவனஹள்ளி

சகோதரி தாமரைக்குளம் எடுத்த லெ மார்க்ஸ்டைன் என் பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. செங்குத்தான மலையில் வேகம் குறைவு, ஆகவே பிறர் சக்கரத்தை ஒட்டுவதால் கிடைக்கும் ஆதாயமும் குறைவு. அங்கே விழும் இடைவெளி பெரும்பாலும் கால்கள் கொடுத்ததுதான். மலைமீது பெற்ற மூன்றரை நிமிடத்தை நான் வணங்குகிறேன்.

யார்க்‌ஷயர் வேறு. டைகர்ட் தனியே துரத்தித் தோற்றார் என்பது ஒரு தனியாளை இன்னொரு தனியாள் பிடிக்கவில்லை என்பதற்குச் சான்று. குழு சேர்ந்து இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அல்ல. அணியில் ஒருவர் முன்னால், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து முட்டுக்கட்டை என்பது பழைய உத்தி. 2021 அக்டோபர் 2 அன்று முதன்முதலாக நடந்த, கற்பாளச் சாலைகளுக்குப் பேர்போன பெண்கள் பாரிஸ்-ரூபேயையே பாருங்கள். லிஸ்ஸி டைக்னன் 82 கி.மீ. தனியே ஓட்டி மரியான் வோஸை 1 நிமிடம் 17 விநாடியில் வென்றார். அன்று அவர் தன் அணியின் முதல் தேர்வே அல்லர். முதல் கற்பாளச் சாலைக்குமுன் நல்ல இடம் பிடிக்கவே முன்னால் போனவர், திரும்பிப் பார்த்தபோது இடைவெளி விழுந்திருந்தது. எலிசா லோங்கோ போர்கினியும் எல்லன் வான் டைக்கும் அவர் அணியினர்; அவர்கள் எதற்கு இழுப்பார்கள்? மகத்தான வெற்றி, நான் மறுக்கவில்லை. ஈரமும் சேறுமான கற்கள்மீது கையுறையின்றிப் பிடித்திருந்ததால், முடிவுக்கோட்டில் அவருடைய ஹேண்டில்பாரின் வெள்ளை நாடாவில் ரத்தம் படிந்திருந்தது. ஆனால் அதைத் துணிச்சல் என்று சொல்லுங்கள். ஆதிக்கம் என்பது வேறு.

சில்க்போர்டு நெரிசல், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

ஆதிக்கத்தை எப்படி அளப்பது என்று சண்டையிடுகிறீர்கள். அதை ஏன் கொண்டாட வேண்டும் என்பது என் கேள்வி.

ஜூலை மாதத்தில் டூர் கட்டம் நம் நேரப்படி இரவு ஒன்பது மணியளவில் முடிகிறது. அலுவலகம் முடித்து, சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி, மனிதனாக வீடு வந்து சேர்ந்து திரையைப் போட்டால், ஒருவர் மட்டும் தனியே போய்க்கொண்டிருக்கிறார்; வர்ணனையாளர்கள் திராட்சைத் தோட்டங்களையும் பழைய கோட்டைகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் இத்தாலியின் சரளைச் சாலைப் பந்தயமான ஸ்ட்ராதே பியாங்கேயில் போகாச்சார் 81 கி.மீ. மீதமிருக்கையில் மோந்தே சாந்தே மாரீயே சரளைச் சாலையில் கிளம்பினார். டோம்ஸ் ஸ்குயின்ஷை 2 நிமிடம் 44 விநாடியில் வென்றார் என்பது ஏட்டில் பெருமை. பார்த்தவனுக்கு அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முடிவு தெரிந்த பந்தயம்.

இதற்கு எதிர்முனையில் 2024 டூர் டி பிரான்ஸ் ஃபாம் இருக்கிறது. முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையில் இருந்த வோலரிங் ஐந்தாவது கட்டத்தில் விழுந்து ஒன்றே முக்கால் நிமிடம் இழந்தார். கடைசி நாள் ஆல்ப் துவேஸ் மலையில் அவரே வென்றார், ஆனாலும் டூரைக் காஷா நியேவியாதோமா 4 விநாடியில் தக்கவைத்துக்கொண்டார். நானும் வீட்டாரும் எழுந்து நின்று பார்த்தோம். 1989-இல் கிரெக் லெமாண்ட் கடைசி நாள் தனிநேரப் போட்டியில் 50 விநாடிப் பின்னடைவை அழித்து லோரான் ஃபின்யோனை 8 விநாடியில் வென்றதை இன்றும் பேசுகிறோம். ஒருதலை வெற்றிகளை ஆண்டு சொல்லித்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தாமரைக்குளம், அல்சூர்

நெரிசல் அண்ணா, பந்தயம் முடிந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்தது, முடிவு வந்த பிறகுதான். 80 கி.மீ.யில் ஒரு பஞ்சர் போதும், ஒரு மணி நேரம் சரியாகச் சாப்பிடாமல் விட்டால் போதும், ஆள் அப்படியே நின்றுவிடுவார். 2024 பாரிஸ்-ரூபேயில் வான் டெர் பூல் ஏறத்தாழ 60 கி.மீ. தனியே போனபோது நான் ஒவ்வொரு கற்பாளப் பகுதிக்கும் அவருடைய டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 3 நிமிடத்தில் வென்றார். எனக்குச் சலிப்புத் தட்டவே இல்லை.

பழைய டைனமோ, ஜெயநகர்

மறுபடி வருகிறேன், ஏனெனில் நந்திச்சாரல் தம்பி எனக்குப் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை.

ஃபினெஸ்ட்ரே வெற்றியைப் புகழ்கிறீர்கள். அந்த நாளில் ஃப்ரூம்மீது, முந்தைய ஆண்டு ஸ்பெயினின் வுவெல்தா பந்தயத்தில் எடுத்த மாதிரியில் ஆஸ்துமா மருந்தான சால்புட்டமால் வரம்பை மீறியிருந்ததாக ஒரு விசாரணை நிலுவையில் இருந்தது. அந்தச் சுமையோடுதான் ஜிரோவை ஓட்டினார். 2018 ஜூலையில் சர்வதேசச் சைக்கிள் சங்கம் அதை மேல்நடவடிக்கை இன்றி முடித்துவைத்தது. ஆகவே அவர்மீது குற்றமில்லை, நானும் சுமத்தவில்லை. ஆனால் அன்று பார்த்த யாரும் முழு மனதோடு கை தட்டவில்லை என்பதும் அந்த வெற்றியின் வரலாறுதான். 2010-இல் ஃபேபியன் கான்சலாரா பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பந்தயத்தையும் பாரிஸ்-ரூபேயையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் தனியே வென்றபோது, சைக்கிளுக்குள் மோட்டார் இருக்கிறது என்று வதந்தி பரவியது. எந்த ஆதாரமும் வரவில்லை. ரூபேயில் டாம் போனன் குழுவின் வாலில் இருந்த கணம் பார்த்துக் கான்சலாரா கிளம்பினார் என்பதே போதிய விளக்கம். ஆனாலும் வதந்தி நிற்கவில்லை. இந்த விளையாட்டில் மிகப் பெரிய வெற்றிக்கு மிகப் பெரிய சந்தேகம் வட்டியாகச் சேர்கிறது, குற்றமற்றவரும் அந்த வட்டியைக் கட்டுகிறார். இதை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நந்திச்சாரல், எலகங்கா

ஐயா, ஆதாரம் வந்தால் பட்டியலிலிருந்து அடிப்போம், லாண்டிஸை அடித்ததைப் போல. வராதவரை, நன்றாக ஓட்டியதையே ஒருவர்மீதான வழக்காக மாற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

எதிர்க்காற்று அவர்களுக்கு ஒரு கேள்வி மீதமிருக்கிறது. தனிநேரப் போட்டியில்தான் யாருடைய தயக்கமும் கலப்பதில்லை என்கிறீர்கள். 2025 செப்டம்பரில் கிகாலியில் உலகப் பட்டப் போட்டிகள் நடந்தன. 21-ஆம் தேதி தனிநேரப் போட்டியில், இரண்டரை நிமிடம் முன்னதாகப் புறப்பட்டிருந்த போகாச்சாரை எவனெபூல் வழியிலேயே எட்டிப் பிடித்துக் கடந்து சென்றார்; போகாச்சாருக்கு நான்காம் இடம். உங்கள் இலக்கணப்படி இதைவிடத் தூய ஆதிக்கம் இல்லை. சரியாக ஒரு வாரம் கழித்து அதே ஊரில் சாலைப் பந்தயம்: 267 கி.மீ., 5,400 மீட்டருக்கு மேல் ஏற்றம், முடித்தவர்கள் 30 பேர் மட்டுமே. போகாச்சார் 104 கி.மீ. இருக்கையில் தாக்கி, கடைசி 66 கி.மீ. தனியே ஓட்டி, எவனெபூலையே 1 நிமிடம் 28 விநாடியில் வென்றார். இவர்களில் யார் யாரைவிட வேறு தரம்? நீங்கள் மெச்சும் அளவுகோல் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லையே.

எதிர்க்காற்று, தேவனஹள்ளி

நல்ல உதாரணம், ஆனால் அது காட்டுவது வேறு. தனிநேரப் போட்டி ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் எவ்வளவு தர முடியும் என்பதை அளக்கிறது. ஆறு மணி நேரச் சோர்வுக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் என்பதை கிகாலி சாலைப் பந்தயம் அளந்தது. அளக்கப்படும் பொருளே வேறு, ஆகவே இரண்டு விடைகளும் சரி. கொம்ப்ளூவை நான் உயர்த்திப் பிடிப்பதற்குக் காரணமும் அதுதான். அது தனியே நடந்த ஒற்றை நாள் போட்டி அல்ல. பதினைந்து கட்டங்களின் சோர்வு இருவர் கால்களிலும் ஏறியிருந்தபோது நடந்தது. மறுநாள் லோஸ் கணவாயில் போகாச்சார் முற்றிலும் உடைந்து இன்னும் ஐந்தே முக்கால் நிமிடம் இழந்தார். அந்த டூரின் இறுதி இடைவெளி 7 நிமிடம் 29 விநாடி.

கிகாலி சாலைப் பந்தயத்தைப் பொறுத்தவரை, போகாச்சார் தாக்கிய வேளையில் எவனெபூல் பழுதான சைக்கிளோடு போராடிக்கொண்டிருந்தார். இரண்டு முறை சைக்கிள் மாற்றினார். அந்த 1 நிமிடம் 28 விநாடியில் சாலையோரம் நின்றது எவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்.

நந்திச்சாரல், எலகங்கா

கழிக்கிறேன். 2023 கொம்ப்ளூ போட்டியில் விங்கேகார் தனிநேரச் சைக்கிளிலேயே ஏறிக்கொண்டிருக்க, தொமான்ஸி ஏற்றத்துக்குமுன் சைக்கிளை மாற்றுவதற்காகப் போகாச்சார் நின்ற விநாடிகளை நீங்கள் முதலில் கழியுங்கள்.